எல் நினோ வந்தால் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் மழை போச்சா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

டோங்காட் கரும்பு விவசாயி: பசிபிக் கடல் சூடானால் இங்கே ஏன் மழை குறைய வேண்டும் ஐயா?

நம் கோடை மழையில் பெரும்பங்கு, நாட்டுக்குக் குறுக்கே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீளும் மேகப்பட்டைகளால் வருவது. பசிபிக் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அவை கிழக்கே தள்ளிப்போய், மடகாஸ்கர் பக்கம் கடலிலேயே கொட்டித் தீர்த்துவிடும். போதாக்குறைக்கு போட்ஸ்வானாவுக்கு மேலே உயர் அழுத்தம் வலுத்து, காற்று கீழே அமுங்கும். அமுங்கும் காற்றில் மேகம் திரளாது. 2015இல் இப்படித்தான் ஆனது. 1904இல் தொடங்கும் தென்னாப்பிரிக்க மழைப் பதிவில் அதுவரை அவ்வளவு வறண்ட ஆண்டு இல்லை. பசிபிக் குளிரும் லா நினாவில் பெரும்பாலும் நேர் எதிர். அந்தப் 'பெரும்பாலும்' என்பதை வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

ஃபீனிக்ஸ் வாசகி: நம் டர்பனில் வந்த 2022 வெள்ளம் லா நினாவால்தானே?

இல்லை அம்மா. லா நினா ஒரு பருவத்தின் போக்கு. வெள்ளம் இரண்டு நாள் விவகாரம். அந்த ஏப்ரலில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, மேற்குக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியே சுழன்ற காற்றழுத்தத் தாழ்வு. 1987 செப்டம்பரில் துகேலா ஆற்றின் ஜான் ராஸ் பாலத்தை அடித்துப்போனதும் அதே வகைத் தாழ்வுதான். அப்போது நடந்துகொண்டிருந்தது எல் நினோ!

சாட்ஸ்வொர்த்: இந்த வருஷம் வறட்சியா?

முதல் பதில்.

கேப் டவுன்: எங்களுக்கும் இதே கணக்கா?

உங்களுடையது குளிர்கால மழை, மேற்குக் காற்றோடு வருவது. அந்தக் காற்று தென்துருவப் பக்கம் ஒதுங்கினால் மழையும் கடலோடு போய்விடும். எல் நினோவைவிட, அந்தக் காற்று ஒதுங்குவதையும் திரும்புவதையும் காட்டும் அண்டார்டிக் அலைவைக் கவனியுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆசிரியர்: 1997-98இல் பெரிய எல் நினோ. பஞ்சம் என்று பயமுறுத்தினார்கள், மழை ஏறக்குறைய வழக்கம்போல் பெய்தது. உங்கள் கோட்பாடு பொய்தானே?

வாங்க சார், இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்தக் கோடையில் அங்கோலாவின் மேல் உட்காரும் தாழ்வு வலுவாகவே இருந்தது. அது ஈரத்தைத் தெற்கே அனுப்பிக்கொண்டே இருந்ததால் பசிபிக்கின் பாச்சா முழுதாகப் பலிக்கவில்லை. 2015-16இல் அதே தாழ்வு சோர்ந்துபோனது. எல் நினோவின் பலத்தை மட்டும் வைத்து மழையை அளக்க முடியாது.

அதே ஆசிரியர்: அப்படியானால் முன்னறிவிப்பு எதற்கு?

வாய்ப்பைச் சொல்ல. தீர்ப்புச் சொல்ல அல்ல. 1997இல் ஜிம்பாப்வேயில் வங்கிகள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு விவசாயக் கடனைச் சுருக்கின. மழை வந்தபோது விதைக்கப் பணமில்லை. அணையில் நீரைச் சேமியுங்கள், நிலத்தைத் தரிசாகப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வெருளம்: இந்த வருஷம் வறட்சி வருமா ஐயா?

மேலே படியுங்கள். இரண்டு தடவை.

மவுன்ட் எட்ஜ்கம்ப்: தைப்பூசக் காவடி அன்று மழை வருமா?

அதற்கு எல் நினோவைக் கேட்டுப் பயனில்லை. ஐந்து நாள் முன்னால் வானிலை நிலையத்தைப் பாருங்கள். பந்தலுக்குத் தார்ப்பாய் மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்.