நாலே போதுமா, மூன்று முதல் ஒன்பதா?

தம்பி, துப்பாக்கி உரிமமும் வேட்டை அட்டையும் கைக்கு வந்துவிட்டன, நவம்பரில் வேலையிடத்து நண்பர்களுடன் ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறேன், ரைபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில், 4 மடங்கு மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதை வாங்குவதா, 3 முதல் 9 வரை கூட்டிக் குறைக்கும் ஸ்கோப் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள்.

கூட்டிக் குறைப்பதையே வாங்குங்கள். வாங்கிய பிறகு 3-இலேயே விட்டுவிடுங்கள்.

நான் வந்த புதிதில் அப்படிச் செய்யவில்லை. காசு கொடுத்தது 9-க்குத்தானே என்ற நினைப்பு. ஒரு மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, எதிர்க் குன்றை ஸ்கோப்பாலேயே துழாவிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் சருகு சரசரத்தது. மான் கிடா ஒன்று, முப்பது மீட்டர்கூட இராது. கண்ணை வைத்தால் கண்ணாடி முழுக்கச் சாம்பல் மயிர். தோளா தொடையா என்று புரியவில்லை. தடித்த கையுறையோடு, மடங்கைக் குறைக்கும் வளையத்தைத் திருகுவதற்குள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு அது போய்விட்டது.

கணக்கு எளியது. 100 மீட்டரில், 3 மடங்கில் ஏறக்குறைய 10 மீட்டர் அகலம் தெரியும். 9 மடங்கில் ஏறக்குறைய 4 மீட்டர்தான். அந்தக் காட்டில் நூறு மீட்டர் வெட்டவெளி கிடைப்பதே அரிது.

மான் நிற்கிற நேரமும் அரையிருட்டு. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஸ்கோப்பைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், கண் வைக்கும் பக்கத்தில் சிறு ஒளிவட்டம் தெரியும். முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்றால், 4 மடங்கில் அந்த வட்டம் 10 மில்லிமீட்டர், 9-இல் நாலரைக்கும் குறைவு. இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது போதாது, உருவம் மங்கிவிடும்.

அப்படியென்றால் 4 மடங்கே போதுமே என்பீர்கள். போதும்தான். எங்கள் குழுவின் மூத்தவர் இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்: எடை குறைவு, திருக மறப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் கடைகளில் புதிதாக அது அதிகம் கிடைப்பதில்லை. பழையது வாங்கினால் உள்ளே பனி படிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தவிர, சுடுதளத்தில் தாளில் குறி சரிபார்க்கும்போது 9 உதவும். திரும்பும்போது மறக்காமல் 3-க்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. கடைக்காரர் 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடியைக் காட்டி ஆசை காட்டுவார். வேண்டாம், 3 மடங்கில் 40-ஏ போதும். அந்தப் பணத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். நான் அன்று குன்றைத் துழாவியது மானைத் தவறவிட்டதைவிடப் பெரிய பிழை. ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் துப்பாக்கிக் குழல் அதை நோக்கித்தான் நீண்டிருக்கும். மரத்துக்குப் பின்னால் செம்மஞ்சள் சட்டையோடு உங்கள் நண்பரே நிற்கக்கூடும்.