விடுதலைத் தீர்ப்போடு வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: என் கணவரை அலவாங்கால் அடித்துக் கையை முறித்தவரை நீதவான் நீதிமன்றம் போன வாரம் விடுதலை செய்துவிட்டது. பொலிஸில் கேட்டால் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். நாங்கள் சாட்சி சொன்னதெல்லாம் வீண்தானா?
- வாசகி, ஹட்டன் பக்கத்துத் தோட்டம்

பதில்: அன்புச் சகோதரி, வீண் இல்லை. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யப் பொதுவாக உள்ள காலம் 14 நாள்தான். அதில் ஒரு வாரம் போய்விட்டது.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து நீங்களாகவே மேன்முறையீடு போட முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 318ஆம் பிரிவுப்படி, ஒன்று அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரே போட வேண்டும், இல்லாவிட்டால் அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். இது தெரியாமலேயே பலர் காலத்தை விட்டுவிடுகிறார்கள். பொலிஸார் கைவிரித்தால் என்ன? கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுமதி கேட்டு உங்கள் கணவரே எழுதலாம்.

வழக்கு இலக்கம், நீதிமன்றம், தீர்ப்புத் திகதி மூன்றையும் மேலே போடுங்கள். "அநியாயம் நடந்துவிட்டது" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் எலும்பு முறிவு பதிவாகியிருந்து, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேன்முறையீட்டை விசாரிக்கும் மேல் நீதிமன்றம் பெரும்பாலும் வழக்கேட்டை, அதாவது வழக்கின் பதிவுகளைத்தான் பார்க்கும். சாட்சிகளை நேரில் கண்ட நீதவானின் முடிவை லேசில் மாற்றாது.

அதனால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு உடனே விண்ணப்பியுங்கள். அது சிங்களத்தில் இருந்தால், புரியாமல் மடித்து வைத்துவிடாதீர்கள். நீதிமன்ற மொழி தெரியாத வழக்காளிக்குத் தமிழில் மொழிபெயர்ப்புப் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அதைச் சொல்லியே கேளுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. தோட்டத்தில் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) விழாவிட்டால் வீட்டில் எவ்வளவு இடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கே போய்விடுங்கள்.

சரி, அனுமதி கிடைக்கவில்லை, அல்லது நாள் கடந்துவிட்டது என்றால்? மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்ற முடிவை மறுபடி பார்க்கக் கேட்கும் மனு, போடும் வழி இருக்கிறது. அதற்கு இத்தனை நாள் என்ற கெடு இல்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும், விசேட காரணங்களும் இருக்க வேண்டும். எளிதில் கிடைக்கும் நிவாரணம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அப்புறம், நட்டஈட்டு வழக்கு வேறு. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானாலும் மாவட்ட நீதிமன்றத்தில் அதைப் போடலாம், ஆனால் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அடிபட்ட திகதியைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

போகும்போது ஆஸ்பத்திரித் துண்டுகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.