தம்பியின் பையில் ரிட்டலின்: சுங்கை சிப்புட் அக்காவுக்குப் பதில்

அக்கா, பரீட்சைக்குப் படிக்கத் தோட்டத்துக்கு வந்த தம்பியின் பையில் ரிட்டலின் மாத்திரை அட்டை இருந்தது, ஹாஸ்டல் நண்பன் கொடுத்ததாம், விடிய விடிய விழித்திருக்கிறான், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறான், நெஞ்சு படபடக்கிறது என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அம்மாவிடம் போய் "போதை மாத்திரை" என்று போட்டு உடைத்துவிடாதீர்கள். லயம், அதான் தோட்டத்து வீட்டு வரிசை, முழுக்கப் பரவிவிடும், அப்புறம் அவன் வாயே திறக்கமாட்டான்.

அது மெத்தில்பெனிடேட். ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை, உள்ளவர்களுக்கு டாக்டர் பிரஷர் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கூட்டித் தூக்கத்தை விரட்டும், சரி, ஆனால் படித்தது மண்டையில் நிற்கத் தூக்கம் வேண்டுமே! பசியை அடக்குவதும் நெஞ்சைப் படபடக்க வைப்பதும் அதே மருந்துதான், அதன்மேல் கோப்பி ஓவும் (பால் சேர்க்காத காபி) எனர்ஜி பானமும் ஊற்றினால் இன்னும் மோசம். எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, கூட என்ன குடிக்கிறான் என்று திட்டாமல் கேளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது என்று ஏதாவது இருந்தால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான்.

நிறுத்தியதும் சோர்ந்து படுப்பான், எரிந்து விழுவான், தூங்கவிடுங்கள். மனம் ரொம்ப உடைந்து பேசினால் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, மலேசியாவின் 1952 நச்சுப்பொருள் சட்டத்தில் இது கட்டுப்பாட்டு மருந்து, நண்பனுக்குத்தானே என்று கைமாற்றினாலும் வம்புதான். மிச்சத்தை ஹாஸ்டலுக்குத் திரும்ப எடுத்துப் போக விடாதீர்கள்.

சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாதவனா அவன்? அப்படியென்றால் அவனுக்கே ஏடிஎச்டி இருக்கலாம், அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணம் கட்டிப் பார்த்து, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.