வெயிலில் சார்ஜ் ஆகும் ஜிபிஎஸ் வாட்ச்: கேள்வி பதில்

மலையேற்றம், நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் பயணம் ஆகியவற்றுக்காகச் சோலார் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணக்குக் காட்ட வேண்டிய இடங்களில், கேட்டவர்களில் பலரிடம் இருக்கும் கார்மின் இன்ஸ்டிங்ட் 2 சோலார் மாடலையே எடுத்துக்கொண்டேன். பிற மாடல்களில் எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

கேள்வி (ஓசூர்): பேட்டரி வரம்பின்றி நீடிக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். தினமும் விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓடுகிறேன். பிறகு நாள் முழுவதும் அலுவலகம்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேபிளைத் தேட வேண்டியிருக்கிறது. வாட்ச் பழுதா ஐயா?

பதில்: பழுது எதுவும் இல்லை, உங்கள் வாட்ச் கணக்குப் பிசகாமல் வேலை செய்கிறது. அந்த விளம்பர வாக்கியத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: நாளொன்றுக்கு 3 மணி நேரம், 50,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில், வெளியே இருக்க வேண்டும். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என்பதால் 50,000 என்பது நம் ஊரில் எட்டாத அளவு அன்று. ஆனால் அலுவலக விளக்கின் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ்தான், அதாவது தேவைப்படுவதில் நூற்றில் ஒரு பங்கு. விடிவதற்கு முன் ஓடுவதால் கிடைப்பதோ ஒன்றுமே இல்லை.

இப்போது செலவைப் பார்ப்போம். வெயிலே படாவிட்டால் இந்த மாடல் வெறும் வாட்சாக 28 நாள் ஓடும். ஆகவே ஒரு நாளுக்குச் சுமார் 3.6 சதவீதம் செலவாகிறது. ஜிபிஎஸ் பதிவில் 30 மணி நேரம் ஓடும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு 3.3 சதவீதம். ஒரு மணி நேர ஓட்டம், ஏறக்குறைய ஒரு முழு நாளின் செலவைத் தின்றுவிடுகிறது என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி. இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு 7 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நூறை ஏழால் வகுத்தால் உங்கள் இரண்டு வாரம் வந்துவிடும்.

வரவுப் பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். 50,000 லக்ஸ் தொடர்ந்து கிடைத்தால் அதே ஜிபிஎஸ் நேரம் 30லிருந்து 48 மணி ஆகும் என்கிறது நிறுவனம். அப்படியானால் வெயில் தருவது மணிக்கு 1.25 சதவீதம். மூன்று மணி நேர நல்ல வெயில் ஒரு நாள் வாட்ச் செலவையோ, ஒரு மணி நேர ஜிபிஎஸ் செலவையோ ஈடுகட்டும். இரண்டையும் சேர்த்து ஈடுகட்டாது.

கேள்வி (கோயம்புத்தூர்): அடுத்த மாதம் 600 கிலோமீட்டர் பிரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் போகிறேன். 40 மணி நேரக் கெடு. 48 மணி என்று போட்டிருப்பதால் சார்ஜர் தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். சரியா அண்ணா?

பதில்: சரியில்லை, தம்பி. அந்த 48 மணி நேரம் சூரியன் மறையாத உலகத்துக்கான கணக்கு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு பத்து மணிக்குள் முடிக்கிறீர்கள் என்றால், நடுவில் ஒரு முழு இரவு போகிறது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெளிச்சம் கணக்கில் தேறாது. இரண்டு பகலிலும் எட்டெட்டு மணி நேரம் நல்ல வெயில் என்று தாராளமாகவே வைத்தாலும், 16 மணிக்கு 20 சதவீதம்தான் சேரும். அது ஆறு மணி நேர ஜிபிஎஸ். முப்பதும் ஆறும் முப்பத்தாறு. கடைசி நான்கு மணி நேரத்துக்கு வாட்ச் இருக்காது.

நடைமுறையில் இந்த ஆறு மணியும் கிடைக்காது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் வாட்சின் முகம் வானத்தைப் பார்ப்பதே அரிது. ரப்பர் பிடிமானம் வாங்கி ஹேண்டில்பாரிலேயே கட்டினால் வெளிச்சம் நன்றாகப் படும். ஆனால் மணிக்கட்டிலிருந்து இதயத்துடிப்பு எடுக்க முடியாது, அதற்கு மார்புப் பட்டை வேண்டும். என் ஆலோசனை எளிது: சிறிய பவர் பேங்க் ஒன்றையும் கேபிளையும் பையில் வைத்துக்கொண்டு, இரவில் சாப்பிட உட்காரும் கன்ட்ரோலில் (வழியில் வருகையைப் பதியும் இடத்தில்) அரை மணி நேரம் சொருகுங்கள். பதிவை நிறுத்தாமலே சார்ஜ் ஏற்றலாம்.

கேள்வி (திருநெல்வேலி): கையில் கட்டாத நாட்களில் வாட்சைக் காரின் டாஷ்போர்டில் வெயிலில் வைத்து விடுகிறேன். இது நல்ல வழிதானே?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றத் தகுந்த வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி வரைதான். கண்ணாடி ஏற்றிய காரின் டாஷ்போர்டு நம் கோடையில் அதை எளிதாகத் தாண்டிவிடும். தாண்டியதும் வாட்ச் தன்னைக் காத்துக்கொள்ள சோலார் சார்ஜை நிறுத்திவிடுகிறது. ஆக, சார்ஜும் ஏறாது, பேட்டரியின் ஆயுளும் குறையும். கையில் கட்டியிருக்கும்போது நம் தோல் சூட்டை ஓரளவு வாங்கிக்கொள்வதால் அதுவே நல்ல இடம். மொட்டை மாடியில் வைப்பதும் கார் கதைதான்.

கேள்வி (ஹட்டன், இலங்கை): இரத்தினபுரிப் பாதையால் சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறினோம். பத்து மணிக்கு அடிவாரத்தில் உயரத்தைச் சரியாகப் பதிந்துவிட்டுத்தான் புறப்பட்டேன். விடியற்காலை நான்கு மணியளவில் உச்சியில் மணிக்கூடு 2,243 மீற்றருக்குப் பதிலாக இருபது மீற்றருக்கு மேல் கூட்டிக் காட்டியது. மழையோ காற்றோ இல்லை. ஏன்?

பதில்: இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வாட்ச் உயரத்தை அளப்பது பெரும்பாலும் காற்றழுத்தத்தைக் கொண்டுதான்: கடல் மட்டத்தருகே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டோம் என்று கொள்ளும்; 2,000 மீட்டருக்கு மேல் அதே குறைவு ஏறத்தாழ 10 மீட்டராகும். வெப்பமண்டலத்தில், வானிலை முற்றிலும் அமைதியாக இருக்கும் நாளிலும், காற்றழுத்தம் கடலலை போல ஒரு நாளில் இரு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து, இரவு பத்து மணியை ஒட்டி உச்சம். அதிகாலை நான்கு, மாலை நான்கு மணியை ஒட்டித் தாழ்வு. இடைப்பட்ட வேறுபாடு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல். நீங்கள் உச்சத்தில் பதிந்து தாழ்வில் பார்த்திருக்கிறீர்கள்! நேரம் குறைத்த அழுத்தத்தையும் நீங்கள் ஏறிய உயரமாகவே மணிக்கூடு எடுத்துக்கொண்டது.

உயரம் எழுதப்பட்ட பலகையைக் கண்ட இடத்தில் எல்லாம் புதிதாகப் பதிந்துகொள்வதே தீர்வு. இந்தத் தினசரி ஏற்ற இறக்கம் தெரிந்திருந்தால் இன்னொரு பயனும் உண்டு: முகாமில் உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் சில மணி நேரத்தில் இதைவிட வேகமாகவும் அதிகமாகவும் விழுந்தால், மழைக்கோட்டை எடுத்து மேலே வைக்கலாம். இரவு ஏற்றத்தில் சோலார் என்ன செய்தது என்று நீங்கள் கேட்காதது நல்லது.

கேள்வி (கொடைக்கானல்): சோலைக்குள் நடந்த தடம் வரைபடத்தில் கோணல்மாணலாக விழுகிறது.

பதில்: ஈரமான அடர்ந்த இலைக்கூரை செயற்கைக்கோள் அலைகளை வலுவிழக்கச் செய்கிறது, பாறைச் சரிவுகளில் பட்டுத் திரும்பும் அலைகள் தூரக் கணக்கைக் குழப்புகின்றன. 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸையும் வாங்கும் இரட்டை அலைவரிசை மாடல்கள் இதை நன்றாகச் சமாளிக்கும். ஆனால் பேட்டரி விரைவில் கரையும். உங்கள் மாடலில் அந்த வசதி இல்லையென்றால், காட்டுக்குள் நுழையும் முன்னரே திறந்த வெளியில் நின்று சிக்னல் பிடித்த பின்பு ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை அனுப்பி முடிக்க அரை நிமிடம் எடுக்கும். மரத்தடியில் அது பாதியில் அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

கேள்வி (சென்னை): ஆமோலெட் திரை (தானே ஒளிரும் வகை) அழகாக இருக்கிறது. சோலாரை விட்டு அதை வாங்கலாமா?

பதில்: தினமும் வீட்டில் சார்ஜ் ஏற்ற முடிகிற நகரவாசி என்றால் தாராளமாக வாங்கலாம். சோலார் மாடலின் மங்கலான திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும் வகையைச் சேர்ந்தது. அதன் அருமை நடுப்பகலில், பல நாள் நடையில்தான் புரியும்.

கேள்வி (சேலம்): ஸ்கிரீன் கார்டு ஒட்டலாமா?

பதில்: திரையின் விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய வளையம்தான் வெளிச்சத்தைப் பெருமளவு பிடிக்கிறது, திரைப் பகுதியில் இருக்கும் படலம் சிறிதளவே பிடிக்கும், இல்லாவிட்டால் எழுத்தே தெரியாது. ஆகவே விளிம்பைக் கருப்புச் சட்டத்தால் மூடும் கார்டை ஒட்டாதீர்கள். முழுத் தெளிவான மெல்லிய கார்டு என்றால் பரவாயில்லை. சன்ஸ்கிரீன் பிசுக்கும் உப்புப் படலமும்கூட வெளிச்சத்தை மறைக்கும் என்பதால் ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பின்புறச் சார்ஜ் துளையை உலர விட்ட பிறகே கேபிளைச் சொருகுங்கள்.