அடெல்: நான்கு ஆல்பங்கள், ஏகப்பட்ட எண்கள் – கேள்வி பதில்

பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டு ஆல்பம் பட்டியல்களையும் வாராவாரம் பார்த்துக் குறித்துவைப்பது என் நெடுநாள் பழக்கம். பிரிட்டன் பாடகி அடெல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள்: எந்த எண்ணைச் சொன்னாலும் எந்த நாடு, எந்த ஆண்டு, விற்ற பிரதியா 'யூனிட்'டா (தனிப்பாட்டு விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் ஆல்பமாக மாற்றிச் சேர்த்த கணக்கு) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது இல்லாத எண்ணால் சண்டைதான் வரும்.

மொத்தம் எத்தனை ஆல்பம்? பெயர் ஏன் எண்ணாகவே இருக்கிறது?

நான்கு. 19 (2008), 21 (2011), 25 (2015), 30 (2021). அந்தந்தப் பாடல்கள் உருவான காலத்தில் அவருக்கு இருந்த வயதுதான் பெயர். நான்குமே பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் 19 மட்டும் முதலிடத்தைத் தொடவில்லை.

அமெரிக்காவில் அவரை யார் கவனித்தார்கள்? 19 அங்கே பெரிதாக ஓடவில்லையே?

முதலில் ஓடவில்லைதான். 2008 அக்டோபரில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் பாடக் கூப்பிட்டார்கள். துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் வந்ததும் அதே இரவுதான். அவரைப் பார்க்க நாடே டிவி முன் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் அடெலையும் கேட்டார்கள். உடனே ஐட்யூன்ஸில் ஆல்பம் மேலே ஏறியது. 2009 பிப்ரவரியில் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி (அமெரிக்க இசை விருது) அவருக்குக் கிடைத்தது.

21 அப்படி விற்றதற்கு என்ன காரணம்? நல்ல குரல் எத்தனையோ பேருக்கு இருக்கிறதே.

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான ஆல்பங்களுக்கு முதல் வாரம்தான் உச்சம். அடுத்த வாரமே பாதிக்கும் கீழே போய்விடும். 21 அப்படிப் போகவில்லை. அமெரிக்காவில் முதல் வாரம் 3.52 லட்சம் பிரதி. ஒரு வருடம் கழித்து, 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் ஆறு விருது வாங்கியதும், ஒரே வாரத்தில் 7.3 லட்சம். ஒரு வயதான ஆல்பம் வெளியான வாரத்தைப் போல இரண்டு மடங்கு விற்றது. 2011, 2012 இரண்டு ஆண்டிலும் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். விட்டுவிட்டு மொத்தம் 24 வாரம் முதலிடம். பெண் குரல்களில் அதற்கு முன் உச்சம் விட்னி ஹூஸ்டன் பாடிய 'தி பாடிகார்ட்' பட ஆல்பத்தின் 20 வாரம். பிரிட்டனில் 21 மொத்தம் 23 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் தொடர்ச்சியாக 11 வாரம், மடோனாவின் 9 வாரக் கணக்கைத் தாண்டியது.

காரணம்? முதலாவது, 21-இல் உள்ள 'ரோலிங் இன் த டீப்' பாட்டு எந்த ரேடியோவுக்கும் அந்நியமாகப் படவில்லை. பாப் நிலையம், பெரியவர்கள் கேட்கும் மெல்லிசை நிலையம், ராக் நிலையம் எல்லாமே போட்டன. அம்மாவும் மகளும் ஒரே ஆல்பத்தைக் கேட்ட வீடுகள் ஏராளம்.

இரண்டாவது, அந்தக் குரலை மெருகேற்றிக் கெடுக்கவில்லை. அந்தப் பாட்டில் நாம் கேட்பது டெமோவில், அதாவது முன்னோட்டப் பதிவில் பாடிய குரல். தயாரிப்பாளர் பால் எப்வொர்த் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அதே ஆல்பத்தின் 'சம்ஒன் லைக் யூ'வும் பாட்டைச் சேர்ந்து எழுதிய டான் வில்சனோடு உட்கார்ந்து செய்த டெமோவிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஒரு பியானோ, ஒரு குரல், வேறு எதுவும் இல்லை. பல்லவி மேலே ஏறும் இடத்தில் குரல் லேசாக உடைவதைக் கவனியுங்கள். வேறு தயாரிப்பாளராக இருந்தால் அந்த இடத்தைத் திரும்பப் பாட வைத்திருப்பார்.

மூன்றாவது, 2011 பிப்ரவரி, லண்டன் ஓ2 அரங்கம், பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது விழா. நடனக்காரர் இல்லை, பின்னணிப் பாடகர் இல்லை. பியானோ வாசிப்பவரும் அவரும்தான். முடிக்கும்போது அவருக்கே தொண்டை அடைக்கிறது. அதுவரை தனிப்பாட்டாகப் பெரிய கவனம் பெறாத 'சம்ஒன் லைக் யூ' அந்த வாரமே பிரிட்டனில் முதலிடம். பழைய 19-உம் சேர்ந்து மேலே வர, இரண்டு ஆல்பமும் இரண்டு பாட்டும் ஒரே நேரத்தில் முதல் ஐந்துக்குள். உயிரோடு இருக்கும் கலைஞர்களில் பீட்டில்ஸ் 1964-இல் செய்த பிறகு அதைச் செய்தவர் இவர்தான்.

குரல்நாண் ஆபரேஷன் செய்துகொண்டாராமே? எனக்கும் பாடினால் குரல் கம்மிவிடுகிறது, என்ன செய்யலாம்?

2011 நவம்பரில் பாஸ்டனில் செய்துகொண்டார். அதனால் அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது. மேலே சொன்ன 2012 கிராமிதான் சிகிச்சைக்குப் பிறகு அவர் திரும்பப் பாடிய மேடை. உங்கள் குரலுக்குக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். என்னிடம் கேட்டு நாள் கடத்தாதீர்கள்.

எஸ். ஜானகி, அடெல் – யார் பெரிய பாடகி?

இந்த ஒப்பீட்டுக்குள் நான் போக மாட்டேன். ஜானகியம்மா பாடியது சினிமாவுக்கு, ஒரு காட்சிக்கு, ஒரு பாத்திரத்துக்கு. அதை அளக்க ஆல்பம் பட்டியல் உதவாது.

25 முதல் வாரத்தில் 33 லட்சமா, 34 லட்சமா? இரண்டு எண்ணும் பார்க்கிறேன்.

இரண்டும் சரி. இதற்குத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். 2015 நவம்பர், அமெரிக்கா: விற்ற முழுப் பிரதிகள் 33.78 லட்சம். தனிப்பாட்டு டவுன்லோடுகளையும் கணக்கில் சேர்த்த யூனிட் 34.82 லட்சம். 2014 டிசம்பரிலிருந்து, அமெரிக்கப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு 10 தனிப்பாட்டு விற்பனையை ஓர் ஆல்பமாக, 1,500 ஸ்ட்ரீமை ஓர் ஆல்பமாகக் கணக்கிட்டது. அதுவரை பிரதி விற்பனையில் சாதனை என்சிங்க் குழு 2000-இல் விற்ற 24.16 லட்சம். பிரிட்டனில் 25-இன் முதல் வாரம் 8,00,307. ஓயேசிஸ் குழு 1997-இல் வைத்த சாதனை போயிற்று.

அந்தச் சாதனையைத்தான் டெய்லர் ஸ்விஃப்ட் உடைத்துவிட்டாரே, இன்னும் ஏன் அடெல் புராணம்?

ஆமாம், உடைத்துவிட்டார். 2025 அக்டோபரில் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்', முதல் வாரம் 40.02 லட்சம் யூனிட். அதில் முழுப் பிரதி விற்பனை 34.8 லட்சம். இரண்டு கணக்கிலும் அடெலைத் தாண்டியாகிவிட்டது.

(இன்னொருவர்) அது முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் விற்றது. ஒரே ரசிகர் ஐந்து ஆறு வாங்கினால் அது சாதனையா?

வாங்கியது வாங்கியதுதான், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 25-க்கு அமெரிக்காவில் சாதாரணப் பதிப்பு ஒன்று, டார்கெட் கடையில் மூன்று பாட்டு கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பிரதி என்ற கணக்குக்கு 25 அருகில் வருகிறது.

(முதலில் கேட்டவர்) அடெல் மட்டும் நேர்மையா? 25-ஐ ஸ்ட்ரீமிங்கில் விடவே இல்லையே! கேட்க வேண்டுமென்றால் காசு கொடு என்பதுதானே அது?

நல்ல அடி. உண்மைதான், ஏழு மாதம் கழித்து 2016 ஜூனில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. டெய்லரின் ஆல்பம் முதல் நாளே ஸ்பாட்டிஃபையில் இருந்தும் அத்தனை பிரதி விற்றது. அதில் 13 லட்சத்துக்கும் மேல் வினைல் இசைத்தட்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் என் தீர்ப்பு இதுதான்: டெய்லரின் எண் ரசிகர்களின் ஆழத்தைக் காட்டுகிறது, அடெலின் எண் கேட்டவர்களின் பரப்பைக் காட்டுகிறது. வருடத்துக்கு ஒரு சிடிகூட வாங்காதவர்கள் கடைக்குப் போய் 25-ஐ வாங்கினார்கள். இரண்டாம் வாரமும் 11 லட்சம், கிறிஸ்துமஸ் வாரம் மறுபடி 10 லட்சத்துக்கு மேல். மூன்று தனித்தனி வாரங்களில் 10 லட்சம் தாண்டிய முதல் ஆல்பம் அது. வெறும் ரசிகர் கூட்டத்தால் இது நடக்காது.

இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம். இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் இன்னும் நிறைய வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதுதான் பதில்.

30 தோல்விப் படம் மாதிரிதானே? 33 லட்சத்திலிருந்து 8 லட்சத்துக்கு வந்துவிட்டது.

ஆண்டைப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அமெரிக்காவில் 2021-இல் 8.39 லட்சம் யூனிட் என்பது அந்த ஆண்டு அதுவரை வந்த எந்த ஆல்பத்தின் முதல் வாரத்தையும்விட அதிகம். 2015-க்கும் அதற்கும் நடுவில் அமெரிக்காவில் சிடி வாங்கும் பழக்கமே சுருங்கிப்போனது. ஆறு வாரம் முதலிடம். அதிலுள்ள 'ஈஸி ஆன் மீ' அமெரிக்கப் பாடல் பட்டியலில் 10 வாரம் முதலிடம். அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகப் பிரதி விற்ற ஆல்பமும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் பாடல் வரிசையைக் கலைத்துப் போடாமல் கேளுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால், ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கங்களில் முன்னால் நின்ற ஷஃபிள் பொத்தானை எடுத்துவிட்டது. அவருடைய விற்பனையைவிட எனக்கு மதிப்பாகப் படுவது இதுதான். ஆல்பம் என்பது ஒரு வரிசை, கதம்பம் இல்லை என்று அவர் பிடிவாதமாக நம்புகிறார்.

மொத்தம் எத்தனை ஆல்பம் போட்டிருக்கிறார்?

முதல் பதிலைப் பாருங்கள்.

அவருடைய சொத்து மதிப்பு?

அது என் வேலை இல்லை.

அமெரிக்காவில் முதலிடம் வந்த பாட்டுகள் எவை? பிரிட்டனில்?

அமெரிக்காவில் ஐந்து: 'ரோலிங் இன் த டீப்', 'சம்ஒன் லைக் யூ', 'செட் ஃபயர் டு த ரெயின்', 'ஹலோ', 'ஈஸி ஆன் மீ'. பிரிட்டனில் மூன்றுதான்: 'சம்ஒன் லைக் யூ', 'ஹலோ', 'ஈஸி ஆன் மீ'. 'ரோலிங் இன் த டீப்' சொந்த ஊரில் இரண்டாம் இடத்தோடு நின்றது, பலரும் நம்புவதில்லை.

21 விற்றது 3 கோடியா, 1.2 கோடியா, 50 லட்சமா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல், அமெரிக்காவில் 1.2 கோடிக்கு மேல், பிரிட்டனில் 50 லட்சத்துக்கு மேல். மூன்று பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், நாட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்.