ஈர்ப்பு நிறையை மட்டும் பொறுத்ததா, இயக்கத்தையும் பொறுத்ததா?

ஈர்ப்பு என்பது பொருள்கள் ஒன்றையொன்று தம்பால் இழுக்கும் தன்மை. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட விதிப்படி அது இரு பொருள்களின் நிறையையும் அவற்றுக்கு இடையிலான தொலைவையும் மட்டுமே சார்ந்தது. அன்றாடக் கணக்குகளுக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் 1915-இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, ஈர்ப்பு என்பது காலவெளியின் (காலமும் வெளியும் ஒன்றாக இணைந்த அமைப்பின்) வளைவு. அதை வளைப்பதில் நிறையோடு ஆற்றல், உந்தம் (நகரும் பொருளின் நிறையும் வேகமும் சேர்ந்த அளவு), அழுத்தம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு என்பதால், இயக்கமும் கணக்கில் சேர்கிறது. கெட்டியான எண்ணெயில் மூழ்கிய பந்து சுழலும்போது சுற்றியுள்ள எண்ணெயையும் சற்றே இழுத்துச் செல்வதைப் போல, சுழலும் பூமி தன்னைச் சூழ்ந்த காலவெளியை இழுத்துச் செல்கிறது (உவமைதான், காலவெளி திரவமன்று). 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள், தன் சுழல் உருண்டைகளின் அச்சு இதனால் ஆண்டுக்கு ஒரு பாகையின் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு திரும்புவதை அளந்தது. ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் பூமியின் சுழற்சி மிக மெதுவானது. விளைவு இவ்வளவு நுண்ணியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூமி சுழல்வதால்தான் ஈர்ப்பு உண்டாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சுழற்சி நின்றாலும் ஈர்ப்பு நீங்காது, நிலநடுக்கோட்டில் நிற்பவரின் எடை சுமார் 0.3 விழுக்காடு கூடவே செய்யும்.