இழுக்கிற வண்டி (கடிதம்)

வணக்கம் ஐயா,
நடுவானில் இறக்கை அடிபட்டாலும் தானே சமாளித்துக்கொள்கிற கணினி விமானங்களுக்கு வரப்போகிறது என்று என் மகன் சொல்கிறான். எங்கே அடிபட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? அவ்வளவும் தெரிந்தால் விமானி எதற்கு?
மு., காவேரிப்பட்டணம்

அன்புள்ள மு.,

எங்கே அடிபட்டது என்று அதற்குத் தெரியவேண்டியதில்லை.

உங்கள் ஊர் மண்டிக்கு மாங்காய் ஏற்றிவரும் டிவிஎஸ் எக்செல்களைப் பாருங்கள். பின்னால் கயிறு போட்ட கிரேட் வழியில் ஒருபக்கம் சரிந்துவிடும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டி இடப்பக்கம் இழுப்பது கைக்குத் தெரிகிறது; உடம்பை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தபடி போய்க்கொண்டே இருப்பார். கணினியும் அப்படித்தான். 'இவ்வளவு திரும்பு' என்று சொன்னதற்கும் விமானம் உண்மையில் திரும்பியதற்கும் உள்ள வித்தியாசத்தை நொடிக்குப் பலமுறை அளந்து, மிச்சமிருக்கிற மடல்களை (இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பலகைகள்) கொண்டு அதைக் குறைக்கப் பார்க்கும்.

மடலே அசையாவிட்டால்? 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் சிதறி, மடல்களை அசைக்கிற மூன்று ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புகளும் போய்விட்டன. ஸ்டியரிங் செத்த லாரியைத் தொப்பூர் கணவாயில் இறக்குவது மாதிரிதான். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் உடனிருந்தவர்களும் மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கியே அமெரிக்காவின் சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தக் கைப்பழக்கத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து 1995-ல் நாசா ஒரு எம்டி-11 விமானத்தை எஞ்சின் விசையால் மட்டுமே தரையிறக்கிக் காட்டியது.

விமானி எதற்கு என்கிறீர்கள். தன்னைத் திருத்திக்கொள்ளும் கணினி புதிதல்ல, 1960-களிலேயே அமெரிக்காவின் எக்ஸ்-15 என்ற சோதனை ராக்கெட் விமானத்தில் இருந்தது. 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டியபோது அது சுழலில் சிக்கியது. சுழலிலிருந்து மீளவும் செய்தது. ஆனால் கணினி மேலும் கீழுமாக வாலை உதறத் தொடங்கியிருந்தது. காற்று அடர்த்தியாக ஆக கணினி தன் திருத்தங்களின் வீரியத்தைத் தணித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த உதறலே தணியவிடாமல் செய்தது. விமானம் துண்டுதுண்டானது, ஆடம்ஸ் இறந்தார். இத்தனைக்கும் அதன் இறக்கையில் அதுவரை ஒரு கீறல்கூட இல்லை!

பயணிகள் விமானத்தில் இதை ஏற்றத் தயங்குவதும் இதனால்தான். எந்த நிலையில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே காட்டினால்தான் சான்றிதழ். பறக்கப் பறக்கக் கற்றுக்கொள்கிற ஒன்று நாளைக்கு என்ன செய்யும் என்று இன்றைக்கு எப்படிக் காட்டுவது? உங்கள் மகன் பொறியியல் படிக்கிறவர் என்றால், இந்தக் கேள்வியை அவரிடமே விட்டுவிடுகிறேன்.